காம்பராவில் ஒரு டீவி, அதன் முன்னால் ஒரு பெரியவர்

வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே மலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் மிஞ்சுவது அப்பாயியோ தாத்தாவோதான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை டவுன் வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. மகன் கொழும்பில், மகள் வெளிநாட்டில், பகலெல்லாம் துணை டீவி. அந்த டீவியைப் பற்றிக் குடும்பத்தார் சொல்லும் குறைகளும் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டுகிறார்கள், பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறார்கள், ரிமோட்டில் எதையோ அழுத்திப் படமே வராமல் செய்துவிடுகிறார்கள், கதை புரியவில்லை என்கிறார்கள். கடைசியில், "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

அதில் பாதிக்கு மேல் வயதின் குறை இல்லை. டீவியை வைத்த உயரம், சரிசெய்யாத ஒலி, ஐம்பது பொத்தான் உள்ள ரிமோட், குளிரில் விறைத்த கால் என்று காரணம் வேறு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தால் இவற்றில் பெரும்பாலானதைச் சரிசெய்துவிடலாம். அது வீட்டில் இருக்கும் இளையவர்களின் வேலை. சரிசெய்த பிறகு எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பது பெரியவரின் முடிவு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வசதி எதையும் செய்து கொடுக்காமல், எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கட்டளை போடுகிறோம்.

வைக்கும் இடம்

லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறை, பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். இடம் பற்றாததால் டீவி அலுமாரி மேல் ஏறிவிடுகிறது, அல்லது சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் தொங்குகிறது. நின்றுகொண்டு பார்க்கிற பிள்ளைகளுக்கு அது வசதி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலே பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமந்த கழுத்து அது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் வலி தோளுக்கு இறங்கும், சிலருக்குத் தலை சுற்றும். மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்கும் என இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தலை பின்னால் சாய்ந்தால் கண், கண்ணாடியின் கீழ்ப் பாதி வழியாகப் பார்க்கும். அந்தப் பாதியில் டீவி மங்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குத் தூரப் பார்வைக்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று இருந்தால் நல்லது.

திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீற்றர் அல்லது கொஞ்சம் கூட இருக்கும். 32 அங்குல டீவியின் உயரம் சுமார் 40 சென்ரிமீற்றர். ஆகவே 75 முதல் 80 சென்ரிமீற்றர் உயரமான சாதாரண மேசை போதும். பெரியவர் பாயிலோ தாழ்ந்த கட்டிலிலோ இருந்து பார்க்கிறவர் என்றால் அதற்கேற்ப இன்னும் இறக்க வேண்டும். மேசை ஆடக் கூடாது. எழும்பும்போது பிடிமானத்துக்கு அவர்கள் கை முதலில் போவது அந்த மேசையில்தான்.

தூரத்துக்கு வருவோம். 32 அங்குலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் சரியாக வரும், அதாவது ஐந்து முதல் ஆறரை அடி. பார்வை குறைந்தவர் இன்னும் கிட்டப் போய் உட்கார்ந்தால் தடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்பது தவறான நம்பிக்கை. தூரம் பாதியானால் உருவம் இரண்டு மடங்காகத் தெரியும். பெரிய டீவி வாங்குவதைவிட நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்துவது மலிவு. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர்கள் நேராகப் பார்க்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எந்தக் கோணம் வசதியோ அந்தக் கோணத்தில் நாற்காலியைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளிச்சம்தான் மலையகத்தில் பலர் கவனிக்காத விஷயம். மூடுபனி நாளில் திறந்த கதவு வழியாக வரும் வெள்ளை வெளிச்சம், வெயிலைவிடக் கண்ணைக் கூசும். கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் பல மடங்கு. டீவி கதவுக்கு எதிரே இருந்தால் கதவே திரையில் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் பின்னணி வெளிச்சத்தில் படம் கருத்துப்போகும். கதவும் ஜன்னலும் பார்ப்பவருக்குப் பக்கவாட்டில் வரும்படி டீவியைத் திருப்பி வையுங்கள். ராத்திரியில் முழு இருட்டில் பார்ப்பதும் நல்லதல்ல. டீவிக்குப் பின்பக்கம் சுவரில் விழும்படி ஒரு சின்ன பல்பு எரிந்தால் கண் சோர்வு குறையும், எழும்பி நடக்கும்போது தரையும் தெரியும். படத்தின் நிறத்தைக் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' அமைப்பில் விடாமல் 'ஸ்டாண்டர்ட்' அமைப்புக்கு மாற்றி, கொன்ட்ராஸ்டை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. திரையில் திடீரெனக் கறுப்புப் புள்ளிகள், மின்னல் வெட்டுகள், ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல மறைப்பு என்று பெரியவர் சொன்னால் அது டீவியின் கோளாறு இல்லை. முக்கியமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களை அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சத்தம் கூடினால் பேச்சு கேட்காது

வயதாகும்போது காது முதலில் இழப்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கேட்கும். ச, த, ப, க போன்றவை தெளியாது. அதனால் ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது புரியாது. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் இடியும்தான் கூடுகின்றன. சீரியலில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முழக்கம் போடுவார்கள், பேச்சு அதற்குள் அமுங்கிப்போகும். கதை புரியவில்லை என்று சொல்கிறவர்களில் பலருடைய பிரச்சினை இதுதான்.

டீவியின் ஒலி அமைப்புக்குள் போய், குரலைத் தெளிவாக்கும் தெரிவைப் போடுங்கள். கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறும், 'கிளியர் வொய்ஸ்', 'ஸ்பீச்', 'நியூஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் பேஸை (தடித்த ஒலி) இரண்டு மூன்று புள்ளி குறைத்து, ட்ரெபிளை (மெல்லிய ஒலி) அதே அளவு கூட்டுங்கள். சரவுண்ட் ஒலியை நிறுத்திவிடுங்கள். விளம்பரம் வந்ததும் சத்தம் திடீரென எகிறாமல் இருக்க 'ஓட்டோ வொலியூம்' உதவும். கடைசியில் செய்தி வாசிப்பவரின் குரலை வைத்துப் பெரியவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். பாட்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இப்போதைய மெல்லிய டீவிகளின் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். சுவரோடு ஒட்டியோ அலுமாரித் தட்டுக்குள்ளோ வைத்தால் குரல் குழம்பித்தான் வெளியே வரும். கம்பியூட்டருக்குப் பூட்டுகிற சின்ன ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கி, டீவியின் இயர்போன் துளையில் செருகி, பெரியவரின் நாற்காலிக்கு ஒரு மீற்றர் பக்கத்தில் வைப்பதுதான் என் கணக்கில் காசுக்கு மிகவும் பயன் தருகிற வேலை. பாதிச் சத்தமே போதும், அடுத்த காம்பராவில் படிக்கும் பிள்ளைக்கும் தொந்தரவு இல்லை. வயரைச் சுவரோரமாக இழுத்து டேப் போட்டு ஒட்டுங்கள், நடைபாதையில் விடாதீர்கள்.

ஹெட்போன் நல்ல வழிதான், ஆனால் தனியாக இருப்பவருக்கு முழுக் காதையும் மூடும் ஹெட்போன் வேண்டாம். கதவு தட்டுவதும், அடுப்பில் பால் பொங்குவதும் கேட்காது. புளூடூத் ஹெட்போனில் சில டீவிகளில் குரல் சற்றுப் பிந்தி வரும். வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற பெரியவருக்கு அது பெரிய குழப்பம். வாங்குவதற்கு முன் வீட்டு டீவியில் போட்டுப் பார்க்க வேண்டும். காதில் மெஷின் வைத்திருப்பவர் அதன் மேலேயே ஹெட்போன் போட்டால் விசில் சத்தம் எழும்பலாம்.

தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் இந்தச் சரிசெய்தல் எதுவும் பலிக்காது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பின்னேரமெல்லாம் அந்தக் கதைதான். அந்த நேரத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒரு காதில் மட்டும் வயர் இயர்போன் மாட்டுவது அல்லது நிகழ்ச்சியைப் பிறகு யூடியூபில் பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை காதையும் காட்டிவிடுங்கள். காதில் அழுக்கு இறுகிப்போய் அடைத்திருப்பது பெரியவர்களிடம் மிகவும் சாதாரணம். கிளினிக்கில் சில நிமிஷ வேலை. ஊசி, நெருப்புக்குச்சி, கோழி இறகு போட்டுக் குடைவதால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், சவ்வும் கிழியலாம்.

ரிமோட்

டிஷ் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் இரண்டு ரிமோட் இருக்கும். இந்தக் குழப்பத்தின் வேரே அதுதான். டீவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானில் கை பட்டால், டீவி பெட்டியை விட்டு வேறு வழிக்கு மாறும். நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று வரும். பெரியவர் டிஷ் கெட்டுவிட்டது என்று நினைத்து, ராத்திரி மகன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். மறுபடி 'சோர்ஸ்' அழுத்தி, பெட்டி பூட்டியிருக்கும் 'எச்டிஎம்ஐ' அல்லது 'ஏவி' வழியைத் தெரிவுசெய்தால் போதும். பெட்டி எந்த வழியில் பூட்டியிருக்கிறது என்பதை ஒரு துண்டில் எழுதி டீவியின் ஓரத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

அதைவிட நல்லது, தேவையில்லாத பொத்தான்களை மறைத்துவிடுவது. தடித்த மட்டையில் ஓட்டை வெட்டி ரிமோட் மேல் வைத்து, டேப் சுற்றுங்கள். திறக்க, மூட, சத்தம் கூட்ட, குறைக்க, செனல் மேலே, கீழே என்று ஆறு பொத்தான் வெளியே தெரிந்தால் போதும். திறக்கும் பொத்தானில் சிவப்பு நெயில் பொலிஷ் ஒரு சொட்டு. சத்தப் பொத்தானில் தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு துளி பசை காயவிடுங்கள், இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும். பெட்டியும் டீவியும் எச்டிஎம்ஐ வயரில் இணைந்திருந்தால், 'சிஈசி' என்ற அமைப்பை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகளில் ஒரே ரிமோட்டில் இரண்டும் திறக்கும், மூடும்.

பெட்டியில் நூற்றுக்கு மேல் செனல் இருந்து என்ன பயன்? அவர் பார்க்கிற பத்தை விருப்பப் பட்டியலில் போட்டு, அதற்குள் மட்டும் மேலே கீழே போகும்படி வையுங்கள். நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற நம் நாட்டுத் தமிழ்ச் செனல்களை முதலில் வையுங்கள். செய்தியும் காலநிலை அறிவிப்பும் அவற்றில்தான் வரும். செனல் எண்களை விரல் நீள எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவருக்குச் செனலின் சின்னத்தை வரைந்து பக்கத்தில் எண்ணைப் போட்டால் போதும்.

பற்றரி விஷயம் சின்னது, ஆனால் அடிக்கடி காலை வாரும். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் போன் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். சாதாரண ரிமோட் என்றால் கமராவில் முனை மினுங்கும். மினுங்கவில்லை என்றால் பெரும்பாலும் பற்றரிதான். மலிவான பற்றரி ஈரக் காற்றில் கசிந்து கம்பியை அரித்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

மழை, இடி, கரண்ட்

டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர்தான். கனத்த மழைத் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும்விடும். அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். மழை குறைந்ததும் தானாக வரும், யாரும் கூரையேற வேண்டியதில்லை. வெறும் மூடுபனி அவ்வளவு பாதிக்காது. பனி நாளில் மட்டும் படம் போகிறதென்றால் டிஷ் ஏற்கெனவே கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அல்லது வயர் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் வானத்தை நோக்கிக் கூடுதலாக நிமிர்ந்திருக்கும். இலையும் பாசியும் அதில் தேங்கும். கிரவீலியாக் கிளை வளர்ந்து மறைத்தாலும் படம் மெல்ல மெல்லக் கெடும். வெளியே உள்ள திருகு முனையை ரப்பர் டேப் சுற்றி மூடுங்கள். வயர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடி வேறு கதை. மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை வழக்கம். டீவியைச் சுடும் மின்னல் பல நேரம் டிஷ் வயர் வழியாகவே வருகிறது. ஆகவே கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். அதுவும் இடி தொடங்குவதற்கு முன்னால். தலைக்கு மேல் இடிக்கும்போது பெரியவர் குனிந்து வயரைத் தொடுவதைவிட டீவி கெட்டுப்போவது மேல். இதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் மகன் கஷ்டப்பட்டு வாங்கிய டீவி என்று உயிரைக் கொடுத்துக் கழற்றுகிறவர்கள் அவர்கள். பிளக் அலுமாரிக்குப் பின்னால் கணுக்கால் உயரத்தில் இருந்தால், இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவிட்ச் உள்ள நீட்டிப்புப் பலகையைச் சுவரில் பொருத்துங்கள். அந்தப் பலகையில் கேத்தல், அயன், ஹீட்டர் எதையும் குத்தக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை நிறுத்தும் 'ட்ரிப் சுவிட்ச்' இருக்கும் வீட்டில் மாதம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.

கரண்ட் பில்லைச் சொல்லிப் பெரியவர்களின் டீவியை நிறுத்துகிற வீடுகள் உண்டு. 32 அங்குல எல்ஈடி டீவி சுமார் 50 வோட்ஸ் இழுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் கால் யூனிட், மாதத்துக்கு ஏழரை யூனிட். ஒரு கேத்தலை அடிக்கடி கொதிக்க வைப்பதே அதைவிடக் கூடும்.

எதைப் பார்ப்பது

சீரியல் பார்ப்பதைக் கேலி செய்வது சுலபம். பெரியவர்களுக்கு அது நாள்தோறும் தொடரும் ஒரு கதை. யார் யாருக்கு என்ன உறவு, நேற்று என்ன நடந்தது என்று நினைவில் வைக்க வேண்டும். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ கோவிலடியிலோ பேச ஒரு விஷயமும் கிடைக்கிறது. பார்த்து முடித்ததும், "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே அந்த நேரம் பயனுள்ளதாகிவிடும். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் அழுகையும் சண்டையுமான அத்தியாயம் ஓடி, தூக்கம் கெடுகிறது என்றால் அதை மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பில் பார்க்கச் சொல்லலாம்.

பழைய பாட்டுக்குத் தனி இடம் உண்டு. மனிதருக்கு ஆழமாகப் பதிவது பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுகள். 1950 வாக்கில் பிறந்தவருக்கு அது டி.எம்.எஸ்., பி.சுசீலா காலம். எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில் என்பதால் அவர் படம் போட்டால் நம் பெரியவர்கள் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து உட்காருவார்கள். தாத்தாமாருக்குக் கிரிக்கெட். 1996 மார்ச் 17 லாகூர் உலகக் கிண்ண இறுதியாட்டமும், கண்டியில் பிறந்த முரளிதரன் 2010 இல் காலியில் எடுத்த எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டும் யூடியூபில் தேடிப் போட்டுக் கொடுங்கள். முடிவு தெரிந்த ஆட்டம் இதயத்துக்கும் பதற்றம் தராது.

மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத் தேர், நல்லூர்த் திருவிழா, கண்டி எசல பெரஹர போன்றவற்றுக்கு நேரலை வந்தால் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். படியேறிக் கோவிலுக்குப் போக முடியாதவருக்கு அது ஒரு நாளுக்குரிய பெரிய நிகழ்ச்சி. குளித்து, விளக்கேற்றி உட்காருவார்கள். காட்டு விலங்குகள், கடல் பற்றிய படங்களுக்கு மொழி வேண்டாம், காது கேளாதவருக்கு மிகவும் ஏற்றவை. வீட்டுத் தோட்ட நிகழ்ச்சிகளில் கரட், லீக்ஸ் பாத்தி போடுவதைப் பார்த்து, "இப்படியா போடுறது?" என்று அவர்களே திருத்துவார்கள். அப்படித் திருத்தத் தோன்றுகிற நிகழ்ச்சிதான் நல்ல நிகழ்ச்சி.

1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் பிரிந்து அக்காவோ தம்பியோ நீலகிரிப் பக்கம் போன வீடுகள் இங்கே ஏராளம். ஸ்மார்ட் டீவி இருந்தால் போனில் வரும் வீடியோ அழைப்பைப் பெரிய திரைக்கு மாற்றலாம். போனும் டீவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், போனில் 'காஸ்ட்' அல்லது 'ஸ்க்ரீன் மிரர்' என்பதைத் தொட வேண்டும். கை அகலப் போன் திரையில் அடையாளம் தெரியாத முகம் டீவியில் தெளிவாகத் தெரியும்.

யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பக்திப் பாட்டில் தொடங்கியது எங்கேயோ போய் முடியும். தேடுவதற்கு எழுத்துத் தட்ட வேண்டாம், ரிமோட்டில் மைக் இருந்தால் தமிழிலேயே சொல்லிப் பழக்குங்கள். டேட்டா சிக்கனத்துக்குப் படத் தரத்தை 480 இல் வைத்தால் மணிக்குச் சுமார் அரை முதல் முக்கால் ஜிபி போதும், 1080 என்றால் அது இரண்டு மூன்று மடங்காகும். 32 அங்குலத்தில், வயதான கண்ணுக்கு, அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ரௌட்டரைச் சிக்னல் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள்.

முழங்கால் எண்ணெய், சீனியை அடியோடு விரட்டும் மருந்து என்று வரும் விளம்பரங்களைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதில் காட்டும் நம்பருக்கு எடுப்பதற்கு முன் வீட்டில் சொல்ல வேண்டும், கிளினிக் மாத்திரையை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் ஒரு தடவை சொன்னால் போதாது.

எவ்வளவு நேரம்

இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய 3,662 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2019 இல் வெளியானது. நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டீவி பார்த்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் கூடுதலாகக் குறைந்திருந்தது. டீவிதான் காரணம் என்று அது அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றரை மணி என்பது நாளைப் பிரிப்பதற்கு நல்ல அளவுகோல். காலையில் ஒரு மணி, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மணி, ராத்திரி ஒன்றரை. நடுவில் டீவி மூடியிருக்கட்டும். யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடுகிற டீவி, பேச வருகிறவரின் பேச்சையும் கெடுக்கும்.

அரை மணிக்கு ஒரு தடவை எழும்ப வேண்டும். விளம்பர நேரம் அதற்கு வசதி. எழும்ப முடியாதவர் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை ஆட்டினால் கால் வீக்கம் குறையும். பிரெஷர் மாத்திரை எடுப்பவர் திடீரென எழும்பினால் தலை சுற்றி விழக்கூடும். முன்னால் நகர்ந்து, சற்று இருந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கள். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலி ஈரச் சீமெந்தில் வழுக்கும், அதன் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். கம்பளியை இடுப்புக்கு மேல் போர்த்தி, காலுக்குச் சொக்ஸ் போடுங்கள். தரையில் இழுபடும் கம்பளியில் கால் சிக்கி விழுவது சாதாரணமாக நடக்கிறது.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி ராத்திரிகளில் குளிர் பத்து பாகைக்குக் கீழே இறங்கும். அப்போது கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்து டீவி பார்ப்பது உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் தூக்கக் கலக்கமுமாகத் தொடங்கும், டீவி பார்த்துத் தூங்கிவிட்டார் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைப்பது அதைவிடப் பாதுகாப்பு.

மறதி நோய் இருந்தால்

இங்கே விதிகள் மாறும். திரையில் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர்களுக்குத் தேத்தண்ணி போடச் சொல்வார்கள். வாதாட வேண்டாம், டீவியை மெதுவாக நிறுத்தி வேறு பேச்சுக்குத் திருப்புங்கள். மூடிய டீவியின் கறுப்புத் திரையில் தன் உருவத்தையே பார்த்து யாரோ ஆள் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. டீவியை மூடியதும் ஒரு துணியைப் போடுங்கள், மறுபடி திறக்கும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். பேய்க் கதை, கொலை, செய்தியில் திரும்பத் திரும்ப வரும் விபத்துக் காட்சி எதுவும் வேண்டாம். 1977, 1983 கலவரங்களைப் பார்த்த தலைமுறை இது. எரியும் வீடுகளின் பழைய காட்சி ஒன்று போதும், அந்த நாளுக்கே போய்விடுவார்கள். மலையில் மூடுபனியால் பொழுது முந்தியே இருட்டும், அந்த நேரத்தில் அவர்களின் பதற்றமும் கூடும். இருட்டுவதற்கு முன்பே லைட்டைப் போட்டு, பழக்கமான பாட்டைச் சின்னச் சத்தத்தில் ஓடவிடுங்கள். ஒரே வீடியோவைத் தினமும் கேட்டால் தினமும் போடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை

மழைக்காலத்தில் தனியாக இருக்கும் பெரியவருக்கு டீவி ஓர் எச்சரிக்கைக் கருவியும்கூட. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு இந்த நிறங்களை மலையகத்தில் ஒவ்வொரு பெரியவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திரையின் கீழே ஓடும் எழுத்தை அவர்களால் வாசிக்க முடியாது. ஆகவே தங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லிப் பழக்கி, தமிழ்ச் செய்தியில் அந்தப் பெயரும் நிறமும் காதில் விழுந்தால் உடனே யாருக்குப் போன் எடுப்பது என்று முடிவு செய்து வையுங்கள். அடைமழையில் டிஷ் போய்விடும், கரண்டும் போகும். பற்றரி ரேடியோ ஒன்றும், சார்ஜ் உள்ள பட்டன் போன் ஒன்றும் டீவிப் பக்கத்திலேயே இருக்கட்டும். செனல் எண் எழுதிய அதே தாளின் அடியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸின் 1990, பக்கத்து வீட்டு நம்பர் மூன்றையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.